பற்றும் பரிந்துரையும்

இல்லறத்தில் பிணக்கு எழும்போது நாம் கேட்கும் முதற்கேள்வி, குற்றம் யாருடையது என்பதே. அதற்கு விடை கிடைத்த பின்னரும் பல இல்லங்களில் பிணக்குத் தீர்வதில்லை. காரணம் யாதெனில், சில பிணக்குகள் குற்றத்திலிருந்து பிறப்பன அல்ல. பற்றின் இயல்பிலிருந்து பிறப்பன.

இவ்வியல்பை ஆங்கில மருத்துவர் ஜான் பௌல்பியும் (1907–1990), மேரி எய்ன்ஸ்வொர்த் அம்மையாரும் (1913–1999) ஆராய்ந்தனர். அம்மையார் உகாண்டா நாட்டுச் சிற்றூர்களில் தாய்மாரையும் சேய்களையும் கவனித்தார். பின்னர் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், தாய் சற்றே வெளியே சென்று திரும்பும்போது குழந்தை என்ன செய்கிறது என்று சோதித்தார். ஒரு குழந்தை தாயைத் தழுவி ஆறுதலுற்று மீண்டும் விளையாடியது. மற்றொன்று தழுவிக்கொண்டே சினந்து அழுதது. வேறொன்று தாயைக் காணாததுபோல் முகம் திருப்பிக்கொண்டது. வளர்ந்தோரின் அன்பிலும் இம்மூவகை உண்டென 1987இல் சிண்டி ஹேசன், பிலிப் ஷேவர் ஆகியோர் எடுத்துக்காட்டினர்.

வத்திராயிருப்பு போன்ற ஊரில் மனைவியும் வளைகுடாவில் கணவனுமாக வாழும் ஓர் இல்லத்தை எண்ணிப் பாருங்கள். அவன் தொலைபேசியை எடுக்காவிடில் அவள் பதறுகிறாள். மீண்டும் மீண்டும் அழைக்கிறாள். அழைக்க அழைக்க அவன் ஒதுங்குகிறான். அவளைச் சந்தேகக்காரி என்றும் அவனைக் கல்நெஞ்சன் என்றும் உறவினர் தீர்ப்பளித்து விடுகின்றனர். உண்மையில் இருவரும் அஞ்சுகின்றனர். ஓர் அச்சம் பற்றிக்கொள்கிறது. மற்றோர் அச்சம் விலகி நிற்கிறது.

இதனை இருவர்க்கும் உணர்த்துவதே ஆலோசகரின் பணி. இருவரையும் தனித்தனியே கேட்டு, ஒருவர் சினத்தின் அடியிலுள்ள அச்சத்தை மற்றவர்க்கு விளங்கும் மொழியில் அவர் எடுத்துரைக்கிறார். இளமையில் படிந்த இயல்பு விதியன்று. நம்பத்தக்க உறவால் அது மெல்ல மாறும். திருக்குர்ஆனின் அந்நிஸா அத்தியாயம் 35ஆம் வசனம், இருவர் குடும்பத்திலிருந்தும் ஒவ்வொரு நடுவரை ஏற்படுத்தப் பணிக்கிறது. 1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டமும் ஆலோசகர்க்கு இடமளித்துள்ளது. எனவே ஆலோசனை நாடுவது மானக்கேடன்று.

ஆயினும் ஆலோசனைக்கு ஓர் எல்லை உண்டு. அடிமைத்தளையிலிருந்து விடுதலை பெற்ற பரீரா, தமக்குக் கிடைத்த உரிமையால் கணவர் முகீதைப் பிரிந்தார். அவரோ தாடி நனையக் கண்ணீர் வடித்து மதீனத்து வீதிகளில் அவரைப் பின்தொடர்ந்தார். மனமிரங்கிய நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், கணவரிடம் திரும்பலாகாதா எனப் பரீராவிடம் வினவினார்கள். இது கட்டளையா என்று அவர் கேட்க, பரிந்துரையே என்றார்கள். பரீரா மறுத்தார், நாயகம் அவர்கள் வற்புறுத்தவில்லை.

அல்லாஹ்வின் தூதரே பரிந்துரையோடு நின்றிருக்க, “பொறுத்துப் போ” என்று நாம் ஒரு பெண்ணுக்குக் கட்டளையிடுவது எங்ஙனம் பொருந்தும்? அடியும் உதையும் உள்ள இடத்தில் முதற்கடமை அவளது பாதுகாப்பே. ஆடவனின் அச்சம் அவன் கொடுமைக்குச் சாக்காகாது.

பிணக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றப் படியேறு முன்னரே ஜமாஅத்துப் பெரியோர் செவிசாய்க்கட்டும். தேவைப்படின் உளநலம் கற்றோரின் துணையை நாடட்டும். தீர்ப்புக்கு முன் செவி வேண்டும். அச்செவியை வல்ல அல்லாஹ் நமக்கு அருள்வானாக!