அந்நிய தேசத்தில் ஒரு பந்தி

தீபாவளியன்று விடியற்காலையில் நம் ஊர்களில் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் முதற் கேள்வி, கங்கா ஸ்நானம் ஆயிற்றா என்பதுதான். லண்டனில் நான் கழித்த ஒரு தீபாவளியின்போது அக்கேள்வி தொலைபேசி வழியாக என்னை வந்தடைந்தது. என் தாயார் எண்ணெய்க் கிண்ணத்தையும் லேகியத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு விடியலுக்கு முந்திய இருளில் நின்றிருக்க, எனக்கோ அப்போது முந்தைய நாள் இரவு பதினொரு மணி. பொழுது விடிந்ததும், உச்சியில் எண்ணெய் வைத்து வாழ்த்த ஒரு கை இல்லாத அறையில் தனியே நீராடிவிட்டு, உடன் பணிபுரியும் சீக்கிய நண்பர் ஒருவர் சொல்லியிருந்தபடி, சவுத்தாலில் முன்பு ஹேவ்லாக் சாலை என்று வழங்கிய தெருவில் உள்ள குருத்வாராவுக்குச் சென்றேன். பொற்கும்மட்டத்தோடு 2003ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற பெரிய ஆலயம் அது. ஆயினும் நான் நாடிச் சென்றது கும்மட்டத்தையன்று, அதன் சமையற்கூடத்தை.

போகும் வழியெல்லாம் இரண்டு சந்தேகங்கள் என் மனத்தை அலைக்கழித்தன. பெற்ற தாய் தன் மகன் இல்லாத பண்டிகையைக் கழித்துக்கொண்டிருக்க, அந்த மகன் முகம் அறியாதவர்களுக்கு உணவு பரிமாறச் செல்வது தர்மமாகுமா? இன்னொன்று, தன் தனிமைத் துயரைத் தணித்துக்கொள்ளும் பொருட்டு ஒருவன் செய்யும் தொண்டு தொண்டு என்ற பெயருக்கு உரியதாகுமா? இவ்விரண்டையும் அன்றைய நாள் எனக்கு எவ்வாறு தெளிவித்தது என்பதையே இங்கே எழுத விரும்புகிறேன்.

சீக்கியர்கள் தம் குருத்வாராக்களில் நடத்தும் பொது உணவுக்கு லங்கர் என்று பெயர். வருகிறவர் எந்த மதத்தினர், எந்த ஜாதியினர் என்று கேளாமல், அனைவரையும் ஒரே வரிசையில் அமர்த்தி உணவிடுவது குரு நானக் தொடங்கிவைத்த சம்பிரதாயம். அந்த வரிசையை அவர்கள் ‘பங்கத்’ என்கிறார்கள். நம்முடைய ‘பந்தி’யும் அவர்களுடைய ‘பங்கத்’தும் பங்க்தி என்னும் ஒரே வடசொல்லிலிருந்து பிறந்தவை என்பதை எண்ணிப் பார்த்தபோது, அந்நிய தேசத்தில் உறவினர் ஒருவரைத் தற்செயலாகச் சந்தித்தது போன்ற மகிழ்ச்சி எனக்கு உண்டாயிற்று.

தலையை ஒரு துணியால் மூடிக் கைகளைக் கழுவிக்கொண்டதும், ரொட்டி தேய்க்கும் நீண்ட மேஜையில் எனக்கு இடம் கொடுத்தார்கள். அரிசிச் சோற்றில் வளர்ந்த என் கைக்கு அந்த மாவு எளிதில் இணங்கவில்லை. பக்கத்தில் நின்ற மூதாட்டி ஒருவர், என் மொழி அவருக்கும் அவர் மொழி எனக்கும் தெரியாத நிலையில், என் மணிக்கட்டைப் பிடித்து, ஓரத்தை அழுத்த வேண்டும், நடுவை விட்டுவிட வேண்டும் என்று காட்டிக்கொடுத்தார். அடுக்களையில் என் தாயார் எனக்குத் தோசைக் கரண்டியைச் சுழற்றக் கற்றுக்கொடுத்த நாளில் என் மணிக்கட்டில் பட்ட அதே விதமான பிடி அது. அரை மணி நேரம் கழிந்தபோது ரொட்டிகள் வட்டமாயின. அந்த அரை மணி நேரத்தில் நான் என் தனிமையை ஒருமுறையேனும் நினைக்கவில்லை என்பது பிறகுதான் என் நினைவுக்கு வந்தது.

நண்பகலில் ரொட்டிக் கூடையைச் சுமந்து பந்திக்குள் சென்றேன். விரிப்புகளில் அமர்ந்திருந்தவர்களில் சீக்கியக் குடும்பத்தினர் இருந்தார்கள், வெளிநாட்டு மாணவர்கள் இருந்தார்கள், நைந்த மேலங்கியணிந்த ஆங்கிலேய முதியவர் ஒருவரும் இருந்தார். ரொட்டியைப் பிரசாதமாகக் கருதி இரு கைகளையும் சேர்த்து ஏந்திப் பெறுவது அங்குள்ள வழக்கம். முதியவர் ஒரு கையை மட்டும் நீட்டினார். அருகில் அமர்ந்திருந்த சிறுவன் தன் கைகளைக் குவித்துக் காட்ட, அவரும் அவ்வாறே குவித்தார். அவர் கையில் ரொட்டியை வைக்க நான் வெகுவாகக் குனிய வேண்டியிருந்தது. தரையில் அமர்ந்திருப்பவனுக்குக் குனியாமல் பரிமாற இயலாது. கொடுப்பவன் உயர்ந்தவன், கொள்பவன் தாழ்ந்தவன் என்ற எண்ணத்தை நூறு உபதேசங்கள் அகற்றாமற்போகலாம். ஆனால் நூறு முறை குனிந்தெழுந்த முதுகில் அந்த எண்ணம் தங்குவதில்லை.

தீபாவளியை ஒட்டிச் சீக்கியர்கள் பந்தீ சோட் திருநாளைக் கொண்டாடுகிறார்கள். ஆறாம் குருவாகிய ஹர்கோவிந்தரை ஜஹாங்கீர் சக்கரவர்த்தி குவாலியர்க் கோட்டையில் சிறைவைத்திருந்தார் என்றும், விடுதலை ஆணை வந்தபோது, உடன் சிறையிருந்த 52 அரசர்களை விட்டுத் தாம் மட்டும் வெளியேற மாட்டேன் என்று குரு மறுத்தார் என்றும், அவருடைய அங்கியைப் பற்றிக்கொண்டு வரக்கூடியவர்கள் வெளியேறலாம் என்று அனுமதி கிடைக்க, 52 தொங்கல்கள் வைத்துத் தைத்த அங்கியை அணிந்து அத்தனை பேரையும் அழைத்து வந்தார் என்றும் அவர்கள் மரபு கூறுகிறது. இதைக் கேட்கும் தமிழர் உள்ளத்தில் திருக்கோஷ்டியூர்க் கோபுரம் தோன்றாமல் இராது. தாம் நரகம் புக நேர்ந்தாலும் மற்றவர்கள் உய்யட்டும் என்று, பெறுதற்கரிய மந்திரார்த்தத்தை அக்கோபுரத்திலிருந்து அனைவருக்கும் வெளியிட்ட இராமாநுஜரும் தனித்து அடையும் பேற்றை விரும்பாதவரே.

இனி என் சந்தேகங்களுக்கு வருகிறேன். குரு நானக் பல்லாண்டுகள் குடும்பத்தைப் பிரிந்து தேசதேசாந்திரங்கள் சென்றவர். எனினும் இறுதியில் கர்த்தார்பூரில் இல்லறத்தாராகவே அமர்ந்து, உழுது பயிரிட்டு, வந்தவர்க்கெல்லாம் உணவிட்டு வாழ்ந்தார். அவருக்குப் பின்வந்த அங்கத தேவரின் மனைவியாராகிய மாதா கீவி லங்கரை நடத்திய சிறப்பும், அவர் நெய் சேர்த்துப் படைத்த பாயசமும் குரு கிரந்த சாஹிபிலேயே போற்றப்படுகின்றன. தன் மக்களுக்குச் சமைத்த கைதான் அந்நியருக்கும் சமைத்தது. அன்பு என்பது வீட்டாருக்குப் பங்கிட்டபின் குறைந்துபோகும் பண்டமன்று. வீட்டிலே கற்று வெளியிலே பயிலும் ஒரு வித்தை அது. தாயிடம் கற்ற வித்தையை வேறொருவரின் பசிக்குமுன் பயன்படுத்துகிறவன் தாயை மறந்தவன் ஆகமாட்டான். மறந்தவனால் அதைச் செய்யவும் இயலாது.

இரண்டாவது சந்தேகத்திற்கு விடையும் அந்த மாவிலேயே இருந்தது. பலனை நாடாமல் கர்மம் செய் என்று கீதை கூறுவதைக் கேட்டு, உள்ளம் முற்றும் தூய்மையடைந்த பிறகே தொண்டில் இறங்க வேண்டும் என்று நம்மில் பலர் காத்திருக்கிறோம். ஆனால் பற்றின்மை என்பது பணிக்கு முன்னரே கையில் இருக்க வேண்டிய முதலன்று. பணியினூடே விளையும் பயன் அது. நான் என் துயரைத் தீர்த்துக்கொள்ளவே சென்றேன் என்பது உண்மை. பணியில் ஆழ்ந்ததும் துயரமும் அதைத் தீர்க்கும் நோக்கமும் ஒருங்கே மறைந்தன என்பதும் உண்மை. எந்த வாயிலால் நுழைந்தோம் என்பதைவிட, உள்ளே சென்றபின் நம்மை எவ்வளவு மறந்தோம் என்பதே கணக்கில் வரும் என்று நான் நம்புகிறேன்.

பண்டிகை நாளை அயல்நாட்டில் தனியே கழிக்க நேரும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். முதலில் வீட்டாரோடு தொலைபேசியில் பேசுங்கள். பிறகு, கோயிலோ குருத்வாராவோ மாதா கோயிலோ, பலருக்காக அடுப்பெரியும் இடம் அருகில் எங்கே இருக்கிறதென்று விசாரித்து அங்கே செல்லுங்கள். வீட்டில் நீங்கள் கற்ற வேலை எதுவாயினும் அங்கே அதற்குத் தேவை இருக்கும்.