ஆடம்பரம் என்னும் சொல்

பிறரைக் குறை கூறுவதற்கென்றே நாம் சில சொற்களை எடுத்து வைத்திருக்கிறோம். அவற்றுள் ஒன்று ஆடம்பரம். 'நான் ஆடம்பரமாக வாழ்கிறேன்' என்று யாரும் தம்மைப் பற்றிச் சொல்லி நான் கேட்டதில்லை. ஆடம்பரம் எப்போதும் அடுத்த வீட்டில்தான் குடியிருக்கிறது!

இச்சொல்லின் பிறப்பு சுவையானது. வடமொழியில் ஆடம்பரம் என்பது ஒரு வகை முரசின் பெயர். பேரொலியையும் யானையின் பிளிறலையும் கூட அது குறித்தது. ஓசைக்குப் பெயராக இருந்த சொல் பிறகு ஓசைப்படும் வாழ்வுக்குப் பெயராயிற்று. அதன் சுற்றத்தாரும் இத்தகையவர்களே. படாடோபம் என்றால் பாம்பு படத்தை உப்பி விரித்துக் காட்டுவது. டாம்பீகம், வஞ்சனையைக் குறிக்கும் டம்பத்தின் வழி வந்தது. பகட்டு என்ற நம் தமிழ்ச் சொல்லுக்குள் மினுக்கும் உண்டு, மயக்கும் உண்டு.

இந்த நான்கிற்கும் பொதுவானது ஒன்றுதான். எதிரே ஒருவன் நிற்க வேண்டும். முரசுக்குக் காது வேண்டும்; படத்துக்குக் கண் வேண்டும். மெத்தையில் படுப்பது சுகம்; அந்த மெத்தையைத் தெருத் திண்ணையில் விரித்துப் படுப்பது ஆடம்பரம்.

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் காதணி விழா என்றால் தாய்மாமன் சீர் வர வேண்டும். முன்னால் மேளம் முழங்கும். பின்னால் தட்டுகள் வரிசையாக வரும். பருத்தியோ மக்காச்சோளமோ வீடு வந்து சேர்ந்தால்தான் பலர் கையில் காசு புரளும் மானாவாரிப் பூமி அது. தட்டு எத்தனை என்று தெரு எண்ணுகிறது. கடன்பட்டுச் சீர் கொண்டு வருகிற மாமனைப் பார்த்து, "இவனுக்கு எதற்கு இந்த ஆடம்பரம்?" என்கிறார்கள். வசதி படைத்தவர் அதைப் போல் பத்து மடங்கு செய்தால், "சிறப்பாகச் செய்தார்" என்கிறார்கள். செலவு சிறுத்த இடத்தில் சொல் தடிக்கிறது. செலவு பெருத்த இடத்தில் சொல் மெலிகிறது. மாமன் தட்டைக் குறைத்தாலோ, அதே வாய் அவனைக் கையாலாகாதவன் என்னும். இந்த இரண்டு வசைகளுக்கும் நடுவே அவன் வாங்கும் கடனுக்கு வட்டி கட்டப் போவது வசைபாடியவர்கள் அல்லர்.

ஆகவே செலவின் அளவு இங்கே அளவுகோல் ஆகாது. செய்பவனுடைய வசதியும் ஆகாது. பின் எது?

அரியலூர் மாவட்டத்திலேயே இதற்கு விடை தேட ஓர் இடம் இருக்கிறது, கங்கைகொண்ட சோழபுரம். 11-ஆம் நூற்றாண்டில் முதலாம் இராஜேந்திரனின் படை கங்கை வரை சென்றது. தோற்ற மன்னர்களைக் கொண்டே கங்கை நீரைச் சுமக்கச் செய்ததாகத் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் கூறுகின்றன. இதைவிடப் பெரிய முரசொலி ஏது? ஆனால் அந்த மன்னன் நீரையே தன் வெற்றித் தூணாக நாட்டினான் என்றும் அதே செப்பேடுகள் சொல்கின்றன. அந்தத் தூண் ஓர் ஏரி. சோழகங்கம் என்ற அது இன்று பொன்னேரி என்று வழங்குகிறது.

அவனுடைய அரண்மனை என்னவாயிற்று? மாளிகைமேட்டைத் தோண்டியபோது செங்கல் அடித்தளமும் கூரை ஓடுகளும் கிடைத்தன. கோயில் நிற்கிறது, 2004-இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையிலும் இடம் பெற்றது. ஆனால் 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது கோயிலின் சுற்றுமதில் கற்களைப் பெயர்த்துக் கொண்டு போனார்கள். அந்தச் செயலை நான் மெச்சவில்லை. ஆயினும், மதிலாக நின்று பெருமை காட்டிய கல், அணையாகக் கிடந்து வயலுக்கு நீர் தந்ததை நினைக்கும்போது வியப்பாகத்தான் இருக்கிறது.

அரண்மனையைப் பார்த்த குடியானவன் தன் சிறுமையை உணர்ந்து திரும்பியிருப்பான். ஏரியைப் பார்த்தவன் நீர் குடித்துவிட்டுத் திரும்பியிருப்பான். பார்க்க வந்தவனுக்கு எதைக் கொடுத்து அனுப்புகிறோம் என்பதே அளவுகோல் என்று எனக்குத் தோன்றுகிறது. போரில் சிந்திய இரத்தத்தை எந்த ஏரியும் கழுவிவிடாது. அந்த முழக்கத்திலும் பிறர்க்குரிய பங்கு ஒன்று இருந்தது என்பதே நான் சொல்வது.

மாமன் கொண்டு வரும் சீரிலும் இந்த இரண்டும் கலந்தே இருக்கின்றன. குழந்தையின் காதில் ஏறும் தோடு அன்பு. அது ஏரி நீர். தெருவின் எண்ணிக்கைக்காகக் கடனில் ஏறிய தட்டு முரசு. அந்தத் தட்டைக் கேட்டு வாங்கியது யார்? எண்ணிக்கொண்டு நின்ற கண்கள் அல்லவா? பார்ப்பவன் இல்லாமல் ஆடம்பரம் இல்லை என்றால், அதன் குற்றத்தில் பாதி பார்ப்பவனுடையது.

மேளத்தை நிறுத்தச் சொல்லும் உரிமை, அந்த ஓசைக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்காதவனுக்கே உண்டு.