சாதி, இனம், குடும்பம்

பொருள்களை வகுத்தறியும்போது இயற்கையில் உள்ள பிரிவுகளை நாம் காண்கின்றோமா? அன்றி, நமது வசதிக்கேற்ற பிரிவுகளை இயற்கையின்மேல் ஏற்றுகின்றோமா? மெய்யியலில் நெடுங்காலமாக நிலவும் இவ்வினாவை மிகச் சிறிய உயிரொன்றைக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தத்துவெட்டிகளுட் குள்ளமானவை ஒரு தனிக் குடும்பமாக அமைந்துள்ளன. பெரும்பாலும் ஈரலிப்பான இடங்களிற் பாசியையும் உக்கிய இலைகுழைகளையும் உண்டு வாழும் இவற்றின் முன்மார்புத் தகடு பின்னோக்கி நீண்டு வயிற்றை மூடிநிற்கும். சிலவற்றில் அத்தகடு மேலெழுந்து, இருபுறமும் தட்டையாகி, உலர்ந்த இலையெனவே தோன்றும். கியூபாவிலும் யமேக்காவிலும் இத்தகையன உள. கடல் பல கடந்த போர்ணியோவிலும் உள. முன்னைய வகைப்பாட்டாளர் இவற்றை ஒரே உபகுடும்பத்துள் அடக்கினர். ஆயின், இவ்விலைவடிவம் வெவ்வேறு நிலங்களில் வெவ்வேறு முன்னோர்களிடமிருந்து தனித்தனியே தோன்றியது என்றே இன்றைய ஆய்வாளர் கருதுகின்றனர். உண்மையான வகைப்பாடு வமிசவழியைத் தழுவியது என டார்வின் 1859ஆம் ஆண்டிலேயே வற்புறுத்தினார். அவ்வகையில் நோக்கின், இலைவேடம் பகைவரின் கண்ணை மட்டுமன்றி, வகுப்போரின் கண்ணையும் மறைத்துவிட்டது எனலாம்.

இலங்கையிற் கிடைத்த குள்ளத் தத்துவெட்டி ஒன்றைக் கிளாடொனோட்டசு எனும் பெயரால் 1862இல் விவரித்தவர் ஜெனீவாவைச் சேர்ந்த ஹென்றி டி சொசூர். அவர்தம் மைந்தரே மொழியியலறிஞர் பேர்டினண்ட் டி சொசூர். தந்தை உயிர்களுக்குப் பெயரிட்டார். மைந்தரோ, சொல்லுக்கும் கருத்துக்குமிடையே இயற்கையான பிணைப்பு யாதுமில்லை என்றும், மொழி முன்னரே பகுக்கப்பட்ட பொருள்களின் பெயர்ப்பட்டியலன்று என்றும் கற்பித்தார்.

அவ்வாறாயின் வகைப்பாடு முழுவதும் மனித ஆக்கமே என முடிக்கலாமா? முடித்தல் பொருந்தாது. பெயர் நாம் இட்டது. எல்லையை எங்கே வரைவது என்பதும் ஓரளவு நமது தெரிவே. ஆனால் வமிச உறவு நம்மாற் படைக்கப்பட்டதன்று. வகுத்தவர் தவறினார் என்று கூற இயலுமாயின், அத்தவற்றைக் காட்டும் உண்மையொன்று அவருக்குப் புறத்தே இருத்தல் வேண்டுமன்றோ?

இவ்விடத்து அறம் பற்றிய வினா எழுகின்றது. சாதி, இனம், குடும்பம் என்பன நமது விலங்கியல் நூல்கள் வழங்கிய கலைச்சொற்கள். இச்சொற்களாலேயே மனிதரையும் வகுக்கின்றோம். தத்துவெட்டி தன் பெயரை அறியாது. பெயர் மாறினும் அது பாசியையே உண்ணும். மனிதனோ தனக்கு இடப்பட்ட பெயரை அறிவான். அப்பெயருக்கேற்பவே நடத்தவும் படுவான். 1968இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசம் கோரி நின்றோரை வாயிலுக்கு வெளியே நிறுத்தியது அத்தகைய ஒரு பெயரே. உயிரியல் நோக்கில் மனிதர் அனைவரும் ஓரினத்தவர். அவ்வேற்றுமைக்கு ஆதாரமாக இயற்கையில் எதுவுமில்லை.

பூச்சியை வகுத்தவர் தவறினால் நூலொன்று திருத்தப்படும். மனிதரை வகுத்தவர் தவறினால் அத்தவற்றின் சுமையை வகுக்கப்பட்டவரே தாங்குகின்றார். ஆகவே மனிதரைப் பற்றிய நமது பிரிவுகளுக்கே மிகக் கடுமையான சான்று வேண்டும். நாமோ தத்துவெட்டியின் சாதிக்குச் சான்று கேட்கின்றோம். அயலவனின் சாதிக்குக் கேட்பதில்லை.