அகழியும் அறமும்

தன்னைக் காத்துக்கொள்ளும் உரிமை மனிதனுக்கு உண்டு என்பதை மறுப்பார் இலர். ஆயின், காவல் எங்கே முடிவடைகின்றது, பெருமிதம் எங்கே தொடங்குகின்றது என்பது எளிதில் விடை காணவியலாத வினாவாகும். இங்கிலாந்தின் நாட்டுப்புறங்களில் எஞ்சியுள்ள அகழி சூழ்ந்த பிரபுமனைகள் இவ்வினாவை ஆராய்வதற்குத் தக்கதோர் உதாரணமாகும்.

மத்திய காலத்துக்குரிய இத்தகைய அகழித்தலங்கள் அங்கு 5,000க்கும் மேற்பட்டனவாகக் கணக்கிடப்பட்டுள்ளன. சபோக், எசெக்ஸ் முதலிய களிமண் நிலப்பகுதிகளில் அவை செறிந்து காணப்படுகின்றன. பெரும்பாலானவை ஏறத்தாழ 1250க்கும் 1350க்கும் இடைப்பட்ட காலத்தில் தோண்டப்பட்டவை. மனையைச் சுற்றி நீர், அதனைக் கடக்க ஒரு பாலம் என்பதே அவற்றின் பொதுவான அமைப்பு.

அவை பாதுகாப்புக்காக வெட்டப்பட்டன எனக் கூறின், அதில் உண்மை இல்லாமலில்லை. அகழி கள்வரையும் விலங்குகளையும் தடுத்தது, ஈரக் களிநிலத்தின் நீரை வடித்தது, மீனும் தந்தது. ஆயினும், முற்றுகையிடும் படையை எதிர்த்து நிற்கும் வலிமை அவற்றுட் பலவற்றுக்கு இருக்கவில்லை. கோட்டைக்குரிய அகழியைத் தன் இல்லத்துக்கும் அமைத்தவன் தனது தகுதியையே ஊரறியச் செய்தான். யோர்க்சயரிலுள்ள மார்க்கன்பீல்ட் மாளிகையை அரண்செய்ய 1310 இல் அரச அனுமதி வழங்கப்பட்டது. அத்தகைய அனுமதி அரசனின் நன்மதிப்புக்கும் அடையாளமாக விளங்கியது. செல்வம் படைத்த குடியானவர் சிலரும் பிரபுக்களைப் பின்பற்றித் தம் மனைகளைச் சுற்றி அகழி வெட்டினர்.

இங்குதான் அறவினா எழுகின்றது. அப்பாலத்தை நாள்தோறும் கடந்தோர் யாவர்? விறகும் தானியமும் சுமந்த ஏவலாளரும், பிரபுவின் மன்றில் தண்டம் செலுத்த வந்த பண்ணையடிமைகளுமே. அவர்களின்றி உள்ளே அடுப்பு எரியாது. எனவே, அகழி அவர்களை வெளியே நிறுத்தவில்லை. அவர்கள் வெளியார் என்பதை அவர்களுக்கு நினைவூட்டியது.

1381 ஆம் ஆண்டுக் குடியானவர் கிளர்ச்சியின்போது, எசெக்ஸ், கென்ற், சபோக் முதலிய பகுதிகளில் கிளர்ந்தெழுந்தோர் பிரபுமன்றங்களின் பதிவேடுகள் பலவற்றைத் தீயிட்டனர். அவர்களது அடிமைக் கடப்பாடு அவ்வேடுகளிலேயே எழுதப்பட்டிருந்தது. நீதி மறுக்கப்பட்டோரின் சினத்துக்கு நீர் அரணாகவில்லை.

இன்று அவ்வகழிகளுட் பல புல் மூடிய பள்ளங்களாகக் கிடக்கின்றன. கென்ற்றிலுள்ள இத்தம் மோட் போன்ற மனைகள் பேணப்பட்டு, காண்போரைக் கவர்கின்றன. அவ்வழகு போற்றத்தக்கதே. ஆயினும், அச்சத்தினின்று தன்னைக் காப்பது குற்றமன்று. தன்னைத் தாங்கி நிற்போரை அயலாராக்கி அக்காவலைப் பெறுவதே குற்றமாகும். அகழியின் அகலத்தை அளப்போர், அதன் அக்கரையில் நின்றோரையும் கருத்திற் கொள்ளல் வேண்டும்.