எண்களாகும் குரல்

யூஎஸ்பி சவுண்ட் கார்ட் என்பது கணினிக்கு வெளியே செருகப்படும் ஒலி அட்டை. விரல் நீளம்தான் இருக்கும். மைக்குக்கு ஒரு துளை, ஹெட்போனுக்கு ஒரு துளை. மடிக்கணினியின் மைக் துளை பழுதானாலோ, உள்ளே ஓடும் மின்சுற்றுகளின் இரைச்சல் பதிவில் கலந்தாலோ இதை வாங்கிச் செருகுகிறார்கள். கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் என்று நீளும் இலங்கையின் அம்பாறைக் கரையோர முஸ்லிம் ஊர்களில் ஒரு பள்ளிவாசலின் பயானைப் பதியவும், கட்டாரில் வளரும் பேரப்பிள்ளைக்கு இங்கிருந்தே குர்ஆன் ஓதிக்கொடுக்கவும் இந்தச் சின்னக் கருவி போதும்.

அது செய்யும் வேலையைக் கவனித்தால் மார்க்கக் கேள்வி ஒன்று எழுகிறது. மைக், குரலை மின்னலையாக்குகிறது. அட்டை அந்த அலையை விநாடிக்கு 44,100 அல்லது 48,000 தடவை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட் எண்ணாக மாற்றிக் கணினிக்கு அனுப்புகிறது. யூஎஸ்பியில் ஒலி பயணிக்கும் முறையில் தவறிய துண்டை மறுபடி கேட்டு வாங்கும் வழக்கமில்லை; போனது போனதுதான். மறுமுனையில் எண்களிலிருந்து புதிய மின்னலையும் அதிலிருந்து புதிய ஒலியும் உண்டாகின்றன. ஓதியவரின் காற்றசைவு மைக்கோடு நின்றுவிட்டது. அப்படியானால் கேட்கப்படுவது அவருடைய ஓதல்தானா?

ஒலிபெருக்கி வந்த காலத்திலேயே இக்கேள்வி வேறு வடிவில் எழுந்தது. தேவ்பந்தில் முஃப்தியாக இருந்து பின்னர் கராச்சியில் தாருல் உலூமை நிறுவிய முஃப்தி முஹம்மது ஷஃபீ, ஒலிபெருக்கியில் வரும் தக்பீரைப் பின்பற்றித் தொழுவது கூடாது என்று முதலில் கருதினார். அது இமாமின் குரலல்ல, எதிரொலி போன்றது என்பது காரணம். பிறகு விஞ்ஞானம் அறிந்தவர்களிடம் விசாரித்து, அதே குரல்தான் பெருக்கப்படுகிறது என்ற விளக்கம் கிடைத்ததும் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். கருவியின் உள்விவரத்தைத் தெரிந்துகொண்டு தீர்ப்பை மறுபரிசீலனை செய்த அந்த நேர்மை அரிது. ஆனால் அந்த அளவுகோல் சவுண்ட் கார்டிடம் தாக்குப்பிடிக்காது. இங்கே குரல் எண்ணாகப் பிரிந்து மீண்டும் சேர்கிறது. நுணுகிப் பார்த்தால் பழைய அம்பிளிஃபயரிலும் அதே குரல் வரவில்லை. காற்றை அசைத்தது ஒலிபெருக்கியின் கூம்புதான். ஒலி அதேதானா என்பதில் தீர்ப்பைக் கட்டினால் இரண்டும் சேர்ந்தே விழும்.

இக்கரையோரத்தில் பெருவழக்கான ஷாஃபிஈ மத்ஹபின் நூல்கள் கேள்வியை வேறிடத்தில் வைக்கின்றன. ஜமாஅத்தாகத் தொழுபவருக்கு இமாமின் அசைவுகள் தெரிய வேண்டும். அது இமாமைப் பார்ப்பதாலோ, அவர் குரலைக் கேட்பதாலோ, தக்பீரை உரக்கச் சொல்லிக்கொடுக்கும் முபல்லிஃக் வழியாகவோ தெரியலாம். முபல்லிஃகின் குரல் இமாமின் குரலல்ல. ஆயினும் தொழுகை கூடுகிறது. ஆகவே ஒலி யாருடையது என்பது தடையில்லை. தடையாவது இடம்: பள்ளிவாசலுக்கு வெளியே நிற்பவர் ஏறத்தாழ 300 முழத்துக்குள் இருக்க வேண்டும் என்பது சட்டம். 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிவாசல்கள் மூடப்பட்டபோது, வீட்டிலிருந்தபடி இணையத்தில் வரும் இமாமைப் பின்பற்றித் தொழ முடியாமற் போனதற்குக் காரணம் எண்ணாகிய குரல் அல்ல. நடுவே கிடந்த தூரம்.

பதிவு என்பது வேறு. சஜ்தா வசனம் காதில் விழுந்தால் சுஜூது செய்வது ஷாஃபிஈகளுக்குச் சுன்னத். ஆனால் தூங்குபவர் வாயிலிருந்தோ பழக்கிய பறவையின் வாயிலிருந்தோ அவ்வசனம் வந்தால் அந்தச் சுன்னத் இல்லை. ஓசையில் குறை இல்லாமலிருக்கலாம். ஓதவேண்டும் என்ற நாட்டம் அங்கே இல்லை. கிளியைப் பற்றி எழுதிய பழைய ஃபகீஹ்கள் (மார்க்கச் சட்ட அறிஞர்கள்) ஹார்ட் டிஸ்க்குக்கும் சேர்த்தே எழுதிவிட்டார்கள் என்று சொல்லத் தோன்றுகிறது. 1986இல் கூடிய மக்கா ராபிதாவின் (உலக முஸ்லிம் லீக்கின்) ஃபிக்ஹ் சபை, தொழுகை நேரத்தில் பதிவுசெய்த பாங்கை ஒலிக்கவிடுவது போதாது என்று முடிவு செய்ததும் இதையொட்டியே. பாங்கு ஒரு வணக்கம். அந்த நேரத்தில் ஒருவர் நின்று அதைச் செய்ய வேண்டும். அவருடைய குரல் அதே அட்டை வழியாகப் போவதில் குற்றமில்லை.

இன்னும் ஆழத்தில் அகீதாவின், அதாவது நம்பிக்கைக் கோட்பாட்டின், கேள்வி இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில், இமாம் ஷாஃபிஈயின் மாணவரான கராபீஸி, குர்ஆன் படைக்கப்படாதது என்றாலும் மனிதன் அதை உச்சரிப்பது படைக்கப்பட்ட செயல் என்றார். அஹ்மத் இப்னு ஹன்பல் அவரைக் கடுமையாகக் கண்டித்தார். இமாம் புகாரியும் நைஸாபூரில் இதே தகராறில் சிக்கினார். அடியார்களின் செயல்கள் படைக்கப்பட்டவை என்பதற்குத் தனி நூலே எழுதினார். பின்வந்த அஷ்அரிகள், இறைவனின் பேச்சு எழுத்தும் ஓசையுமற்ற அநாதியான பண்பு; நாவின் ஒலியும் தாளின் மையும் அதைச் சுட்டுபவை என்று வகுத்தனர். அந்த வகுப்பில் 16 பிட் எண்ணுக்கும் இடமுண்டு. ஒலி எண்ணாவதால் வேதத்துக்கு எதுவும் நேர்வதில்லை. மாறுவது சுட்டும் பொருள், அதுவும் முன்பே படைப்புதான்.

ஓதிக்கொடுத்தலில்தான் கருவியின் தரமே மார்க்க விஷயமாகிறது. 1961இல் மஹ்மூது கலீல் அல்ஹுஸரியின் முழுக் குர்ஆன் பதிவு எகிப்தில் வெளிவந்த பிறகும், ஓதல் ஆசிரியர் வாயிலிருந்தே கற்கப்பட வேண்டும் என்ற விதி தளரவில்லை. பதிவு, மாணவரின் பிழையைக் கேட்காது. நேரடி இணைய வகுப்பில் ஆசிரியர் கேட்கிறார். ஆனால் எதைக் கேட்கிறார்? விநாடிக்கு 8,000 தடவை மட்டும் அளக்கும் பழைய தொலைபேசி முறையில் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலி எஞ்சாது. ஸீனையும் ஃதாவையும் பிரித்துக் காட்டும் சீறல் பெரும்பாலும் அதற்கு மேலேதான் இருக்கிறது. 44,100 தடவை அளக்கும் அட்டையில் அது தப்பிப் பிழைக்கும். ஆனால் கூட்டச் செயலிகளின் இரைச்சல் நீக்கி, நீட்டி ஓதும் மத்தையும் மூக்கொலியான ஃகுன்னாவையும் இரைச்சலென்று எண்ணி மழுக்கிவிடுவதுண்டு. அதை நிறுத்திவைக்க வேண்டும். மிக்ஸரிலிருந்து வரும் வலுவான சிக்னலை மைக் துளையில் நேரே கொடுத்தால் அலையின் முகடுகள் வெட்டுப்பட்டு எழுத்துகள் கரகரக்கும். அப்படிக் கேட்ட ஓதலை வைத்து ஓர் ஆசிரியர் மாணவருக்கு இஜாஸா என்ற ஓதல் சான்று கொடுப்பாரானால், தாம் கேளாததைக் கேட்டதாகச் சாட்சி சொல்பவராகிறார்.