சிரிப்பும் தள்ளாட்டமும்

விஜய் தொலைக்காட்சியில் 2003-ஆம் ஆண்டு தொடங்கிச் சில ஆண்டுகள் ஒளிபரப்பான 'லொள்ளு சபா' நிகழ்ச்சியை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். ராம்பாலா இயக்கிய அந்நிகழ்ச்சி, பெயர்பெற்ற திரைப்படங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு பகடி செய்தது. வெள்ளித்திரையில் நூறு பேரை ஒற்றைக் கையால் வீழ்த்தும் நாயகன், இங்கே எளியதொரு கேள்விக்கு விடை தெரியாமல் விழித்தான். சந்தானம், சுவாமிநாதன், மனோகர் முதலியோர் அடித்த கூத்தில், அந்த வீர வசனங்களுக்குள் எவ்வளவு காற்று அடைக்கப்பட்டிருந்தது என்பது வெளிப்பட்டது. 'லொள்ளு' என்னும் சொல்லே பெரியவர்களிடம் சிறியவர்கள் காட்டும் குறும்பைத்தானே நினைவூட்டுகிறது!

இத்தகைய சிரிப்பு பாவமன்று. விளையாட்டும் வேடிக்கைப் பேச்சும் அளவோடு அமைந்தால் அது ஒரு நற்பண்பே என்கிறார் புனித அக்குவினாஸ் தோமா. தானும் மகிழாமல் பிறர் மகிழ்ச்சிக்கும் தடையாக நிற்பதைக் குற்றம் என்றே அவர் கருதுகிறார். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2024 ஜூன் 14 அன்று பல நாட்டு நகைச்சுவைக் கலைஞர்களை வத்திக்கானில் சந்தித்தார். நாம் அன்பு செய்பவர்களோடு வேடிக்கை பேசுவதுபோலக் கடவுளைக் குறித்தும் சிரிக்கலாம் என்று அவர்களிடம் கூறினார்.

அதன்பின் ஐந்தே நாள்களில், நம் கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்தில் வீட்டுக்கு வீடு சாவு விழுந்தது. மெத்தனால் கலந்த பாக்கெட் சாராயத்தைக் குடித்த 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெரும்பாலோர் அன்றாடக் கூலிகள். அவர்களுள் பெண்களும் இருந்தனர்.

அந்த நஞ்சு செயல்படும் விதத்தை நாம் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். குடித்த உடனே அது தன்னை நஞ்சென்று காட்டிக்கொள்வதில்லை. வழக்கமான போதையாகவே தோன்றும். பல மணி நேரம் கழிந்தபின் உடலில் அது அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்கும். பார்வை மங்கும், வயிறு எரியும், கால் தள்ளாடும். சுவரைத் தடவித் தடவி நடப்பவனைக் காண்பவர், "ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான்" என்று கடந்து செல்வார். அவன் செத்துக்கொண்டிருக்கிறான் என்பதை அவர் அறியார்.

எத்தனை திரைப்படங்களில், எத்தனை தொலைக்காட்சிக் குறுநாடகங்களில் இதே தள்ளாட்டத்திற்கு நாம் சிரித்திருக்கிறோம்! நம் பங்கு விழா மேடைகளிலும் 'லொள்ளு சபா' பாணியில் இளையோர் நடிக்கும்போது, அவிழும் லுங்கியோடு ஒரு குடிகாரன் வந்தால் கைதட்டல் உறுதி. அக்கூட்டத்தில், அன்று மாலைதான் கணவனிடம் அடி வாங்கிய பெண்ணும் அமர்ந்திருப்பாள். அவளும் மற்றவர்களோடு சேர்ந்து சிரிக்கக்கூடும். அந்தச் சிரிப்பை என்னவென்று சொல்வது?

நகைச்சுவைதான் கருணாபுரத்தைக் கொன்றது என்று நாம் சொல்லவில்லை; அது பொய்யாகும். ஆயினும் விழுகிறவனைக் கண்டால் முதலில் சிரிப்பதற்கும், பிறகே கை கொடுப்பதற்கும் நம் கண்கள் பழகியிருக்கின்றன.

விவிலியத்திலும் கேலி உண்டு. கர்மேல் மலையில் எலியா, பாகாலின் பொய்வாக்கினர் நானூற்றைம்பது பேரையும் எள்ளி நகையாடுகிறார். அவர் தனி ஆள். அவர்களுக்குப் பின்னாலோ அரசியின் ஆதரவு இருந்தது. இன்னொரு கேலி பிலாத்துவின் மாளிகையில் நடந்தது. ஓர் அரச உடை, ஒரு முள்முடி, கையில் ஒரு கோல், எதிரே மண்டியிட்டு வாழ்த்தும் படைவீரர்கள். அதுவும் ஒரு பகடி நாடகமே. நன்றாகவே நடித்திருப்பார்கள், கூட்டமும் சிரித்திருக்கும். ஆனால் நடுவே நின்றவர் கட்டுண்ட கைதி.

கருணாபுரத்துக்குப் பின் காவல்துறையின் தேடுதல் வேட்டை கல்வராயன் மலைக்கும் ஏறியது. சாராய ஊறல்கள் கொட்டி அழிக்கப்பட்டன. கூடவே, மலைக்காரர் என்றாலே சாராயம் காய்ச்சுபவர் என்னும் பழைய ஏளனமும் கீழ்நாட்டில் மீண்டும் உலவியது. கொன்றதோ மலையில் ஊறிய சரக்கன்று; தொழிற்சாலைகளுக்கு உரிய வேதிப்பொருள். 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்த அந்த மலையாளிப் பழங்குடி மக்களின் வாழ்க்கை நிலையைச் சென்னை உயர்நீதிமன்றம் 2024-இல் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்த பிறகே, அவர்களுக்குச் சாலையும் மருத்துவமும் எட்டவில்லை என்று நாம் பேசத் தொடங்கினோம். அதுவரை அவர்கள் நமக்கு ஒரு நகைச்சுவைத் துணுக்கு.

குடிகாரனை மேடையேற்றவே கூடாதா என்று இளைஞர் ஒருவர் கேட்கலாம். ஏற்றட்டும். அவனோடு பாக்கெட் விற்றவனையும் ஏற்றட்டும். காவல் நிலையத்துக்கு அருகிலேயே அவ்விற்பனை எவ்வாறு நடந்தது என்று அன்று நாடே கேட்டதே, அந்தக் கேள்விக்கு உரியவர்களையும் ஏற்றட்டும். தேர்தலுக்கு முந்தைய இரவில் குப்பியோடு தெருவுக்கு வருபவரையும், அதைக் கண்டும் காணாததுபோல் கதவைச் சாத்திக்கொள்ளும் நம்மையும் ஏற்றட்டும். சிரிப்பதற்குச் செய்தி நிறையவே உண்டு. அத்தகைய நாடகத்துக்கு ஒத்திகை பார்க்க, நம் பங்கு மன்றத்தின் சாவியை யார் எடுத்துக் கொடுப்பார்?