துக்க வீட்டுக்கு ஒரு சட்டிக் கஞ்சி



ஒரு வீட்டில் மவுத்து நேர்ந்துவிட்டால் அங்கே அடுப்பு மூட்ட யாருக்கும் மனம் வராது. சோற்றைப் பிசைந்து வாயருகே கொண்டுபோனாலும் தொண்டையில் இறங்காது. துக்கம் கல்பில் இருக்க, வயிறு ஏன் மூடிக்கொள்கிறது?

ஹிஜ்ரி 8-ல் மூத்தா போரில் ஜஃபர் (ரலி) அவர்கள் ஷஹீதான செய்தி மதீனாவை எட்டியதும், அவர்கள் குடும்பத்தாருக்கு உணவு சமைத்துக் கொடுக்கும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏவினார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் வழக்கத்தையும் புகாரீ ஷரீஃபில் காண்கிறோம். தம் உறவில் ஒருவர் மவுத்தாகி, கூடிய பெண்கள் கலைந்து, வீட்டாரும் நெருங்கியவர்களும் மட்டும் எஞ்சியிருக்கும்போது தல்பீனா காய்ச்சச் சொல்வார்கள். வாற்கோதுமை மாவில் காய்ச்சும் மெல்லிய கஞ்சி அது. ரொட்டியைப் பிய்த்து ஆணத்தில் ஊறவைத்த தரீதின் மேல் அதை ஊற்றி உண்ணச் சொல்வார்கள். அது நோயாளியின் கல்புக்கு இதமளிக்கும், துயரத்தில் சிறிதைப் போக்கும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் சொல்லக் கேட்டதாகவும் அறிவிப்பார்கள். ‘சிறிதை’ என்பதைக் கவனியுங்கள். இதைச் சர்வரோக நிவாரணியாக விற்பவர்கள் அதைக் கவனிப்பதில்லை.

1822-ல் அமெரிக்காவில் குண்டடிபட்டு வயிற்றில் ஆறாத துளையோடு பிழைத்த ஒரு தொழிலாளியை, வில்லியம் போமான்ட் என்ற ராணுவ மருத்துவர் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். அந்த மனிதர் கோபப்பட்டபோது செரிமானம் கெடுவதைத் துளை வழியே கண்டார். மூளையிலிருந்து வயிற்றுக்கு இறங்கும் வேகஸ் என்னும் நரம்பின் இழைகளில் ஏறக்குறைய 80 சதவீதம், வயிற்றின் செய்தியை மேலே மூளைக்குக் கொண்டுபோகின்றன என்பது இன்று தெரியும். கல்பு கலங்கினால் குடல் கலங்குகிறது. குடல் நெடுநாள் நோயுற்றால் மனமும் சோர்கிறது. நடுக்கவாத நோயில் கை நடுங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே பலருக்கு மலச்சிக்கல் தொடங்கிவிடுகிறது.

ஆகவே, கணவனை இழந்த ஒரு பெண் வயிற்றுவலி என்றால், சோதனையில் புண் ஒன்றும் தெரியவில்லை என்பதற்காக “நடிக்கிறாள்”, “ஸபூர் இல்லை” என்று சொல்லிவிடாதீர்கள். வலி மெய். அவளை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீர்கள். கஞ்சி மருந்துக்குத் துணையே. சர்க்கரை வியாதி இருந்தால் அதில் தேன் சேர்க்க வேண்டாம்.

நம் ஊர்களிலோ காரியம் தலைகீழாய் நடக்கிறது. துக்கம் கேட்க வந்தவர்கள் பந்தியில் அமர்கிறார்கள். செலவும் அந்த வீட்டாருக்கே. நெய்ச்சோறு வெளியே மணக்க, உள்ளே இத்தாவில் இருப்பவள் தண்ணீர்கூடக் குடித்திருக்க மாட்டாள். அண்டை வீட்டுச் சட்டி வந்தாலும் மூன்றாம் நாளோடு நின்றுவிடுகிறது. இத்தாவோ நான்கு மாதம் பத்து நாள்.